தங்கள் கேமராக்கள் என் வீட்டில் இன்னும் தங்களுடையவையாகவே இருப்பது குறித்து

மதிப்பிற்கும் அன்பிற்கும் உரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கு நானும் என் மனைவியும் நலம். நாங்கள் நலமா என்று தாங்கள் விசாரிக்க வேண்டிய அவசியம் இல்லை என்பதும், இன்று காலை நான் காப்பியில் எத்தனை பிஸ்கட் தோய்த்தேன் என்பது வரை தங்களுக்குத் தெரியும் என்பதும் எனக்குத் தெரியும். இருந்தாலும் கடிதம் என்று எழுத உட்கார்ந்தால் நலம் சொல்லாமல் ஆரம்பிக்க எனக்குக் கை வரவில்லை.

போனில் இரண்டு வார்த்தை பேசினால் முடிகிற விஷயத்துக்கு இந்த மனிதர் ஏன் காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்தார் என்று தாங்கள் நினைக்கலாம். பேசிப் பார்த்தேன். தாங்கள் "சொல்லுங்க சம்பந்தி" என்று அவ்வளவு பிரியமாகக் கேட்கும்போது நான் சொல்ல வந்ததை விட்டுவிட்டு வெயிலைப் பற்றிப் பேசி வைத்துவிடுகிறேன். ஆகவே எழுதுகிறேன். மாடிப்படிக்கு அடியில், செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில், முழங்காலில் அட்டையை வைத்துக்கொண்டு எழுதுகிறேன். வீட்டில் மேஜை இல்லாமல் இல்லை. மேஜையில் உட்கார்ந்தால் நான் எழுதி முடிப்பதற்குள் தாங்கள் படித்து முடித்துவிடுவீர்கள்.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். என் வீட்டின் முன்பக்கம் என் பல் மருத்துவமனை, பின்பக்கம் நாங்கள். காத்திருக்கும் அறையில் ஒரு நோயாளியின் ஹெல்மெட் காணாமல் போனதை, மகளைப் பார்க்கத் தங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது பேச்சுவாக்கில் சொன்னேன். பேச்சுவாக்கில்தான் சொன்னேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே தாங்கள் காரின் தலையில் ஏணியைக் கட்டிக்கொண்டு வந்து இறங்கினீர்கள். தங்கள் வீட்டுக்குப் புதுக் கேமராக்கள் வாங்கிவிட்டதால் பழையவை நான்கும் சும்மா கிடக்கின்றன என்றும், "பொண்ணையே குடுத்துட்டீங்க, நாலு கேமரா குடுக்க மாட்டேனா சம்பந்தி" என்றும் சொல்லி, பஸ் டிப்போவுக்கே மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர் என்ற கௌரவம் கூடப் பார்க்காமல் தாங்களே ஏணியில் ஏறி, வாசலுக்கு ஒன்று, காத்திருக்கும் அறைக்கு ஒன்று, கூடத்துக்கு ஒன்று, சமையலறைக்கு ஒன்று என்று மாட்டினீர்கள். சமையலறையில் யாரும் ஹெல்மெட் வைப்பதில்லை என்று சொல்ல நினைத்தேன். அப்படியானால் நாலாவதை எங்கே மாட்டுவது என்று தாங்கள் திருப்பிக் கேட்பீர்கள் என்பதால் ஏணியைப் பிடித்துக்கொண்டேன்.

முதல் சில நாட்கள் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. மகள் போன் செய்து, "ஏம்ப்பா, பேஷண்ட்டை எல்லாம் இனிப்பைத் தொடாதேன்னு மிரட்டிட்டு நீங்க ஃபிரிட்ஜ் கதவைத் திறந்து வெச்சுக்கிட்டு நின்னபடியே கேக் சாப்பிடறது நியாயமா" என்று கேட்டபோது, பெற்ற பெண்ணுக்கு அப்பனைப் பற்றித் தெரியாதா என்று பூரித்துப் போனேன். தாங்கள் போன் செய்து, "வாசல் குழாய் சொட்டுது சம்பந்தி, வாஷரை மாத்துங்க" என்றபோது, இவ்வளவு தூரத்திலிருந்து குழாயின் மனசை அறிகிறாரே, டிப்போவில் இருந்தவர் இருந்தவர்தான் என்று மனைவியிடம் மெச்சிக்கொண்டேன். அவள் அடுப்பைப் பார்க்க உள்ளே போய்விட்டாள்.

பிறகுதான் அந்தச் செவ்வாய்க்கிழமை வந்தது. குளித்துவிட்டு இடுப்பில் துண்டோடு கூடத்தில் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தேன். சோபாவுக்கு அடியில் குனிந்து பார்த்தேன், மெத்தையைத் தூக்கிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. அப்போது மேலேயிருந்து, "டிவி மேல இருக்கு சம்பந்தி" என்று ஒரு குரல் வந்தது. நானும் "தேங்க்ஸ்" என்று சொல்லி, டிவி மேலிருந்து எடுத்துக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அப்புறம்தான் வீட்டில் என்னைத் தவிர யாரும் இல்லை என்பதை யோசித்தேன். நிமிர்ந்து பார்த்தால் கேமரா. அதன் நடுவில் ஒரு பச்சைப் புள்ளி. நான் துண்டைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே நடந்து அறைக்குள் போனேன். தாங்களும் பண்பாளர், "நான் திரும்பிக்கிட்டேன் சம்பந்தி, நீங்க போங்க" என்றீர்கள். கேமராவில் பார்க்கிற ஒருவர் எப்படித் திரும்பிக்கொள்வார் என்பதை நான் இன்று வரை தங்களிடம் கேட்கவில்லை.

அன்று சாயங்காலமே தயங்கித் தயங்கிப் போனில் கேட்டேன். கேமராக்கள் தங்கள் கணக்கிலேயே இருக்கின்றன போலிருக்கிறது, தங்கள் போனிலிருந்து எடுத்துவிட்டால் நான் என் போனில் சேர்த்துக்கொள்வேன் என்று. தாங்களும், "அதுக்கென்ன, இப்பவே எடுத்துடறேன்" என்றீர்கள். மறுநாள், "எடுத்துட்டேன், என் போன்ல துடைச்சு வெச்ச மாதிரி காலியா இருக்கு" என்றும் சொன்னீர்கள். சம்பந்தி, தங்கள் வார்த்தையை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் அதற்கு அடுத்த நாள் காத்திருக்கும் அறையில் தங்கள் குரல் கேட்டதே, அதை என்ன செய்வது என்றுதான் எனக்குத் தெரியவில்லை.

கூடத்தில் பேசியவரை அது குடும்ப விஷயம். காத்திருக்கும் அறை என் பிழைப்பு. கன்னம் வீங்கி வந்து உட்கார்ந்திருந்த ஒரு பெரியவரிடம் தாங்கள், "எந்தப் பல்லு, மேலயா கீழயா" என்று மேலேயிருந்து கேட்டிருக்கிறீர்கள். அவர் நான்தான் உள்ளேயிருந்து மைக்கில் கேட்கிறேன் என்று நினைத்து வாயைத் திறந்து காட்டியிருக்கிறார். "டாக்டர் எடுக்கணும்னுதான் சொல்லுவாரு, அவர் பழக்கம் அது. எனக்கும் அப்படித்தான் சொன்னாரு, நான் எடுக்கலை, இன்னிக்கு வரைக்கும் அந்தப் பல்லாலதான் கடிக்கறேன்" என்று தாங்கள் சொன்னதும் அவர் எழுந்து போய்விட்டார். அவர் பின்னால் இருந்த இருவரும் போய்விட்டார்கள். தங்கள் அந்தப் பல்லைப் பற்றி நான் இப்போதும் அதையேதான் சொல்கிறேன் என்பது வேறு விஷயம்.

அப்புறம் வரிசை. டிப்போவில் இருந்த கை சும்மா இருக்காது என்பது புரிகிறது. ஆனால் "நீல சட்டை முன்னாடி வாங்க, அம்மா நீங்க ஜன்னல் பக்கம் நகருங்க, வழியில நிக்காதீங்க, அடுத்தது யாரு" என்று தாங்கள் அங்கிருந்து சத்தம் போட, ஒரு நோயாளி மயக்க ஊசி போடுவதற்கு முன்பே மயங்கினார். என் வரவேற்பில் இருக்கும் பெண்ணைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். வெள்ளிக்கிழமை அவள் வரவில்லை. சனிக்கிழமை ஏன் வரவில்லை என்று கேட்டால், "லீவு கேட்டேனே சார், பெரிய டாக்டர் குடுத்துட்டாரே" என்கிறாள். எந்தப் பெரிய டாக்டர் என்றேன். விரலை மேலே காட்டினாள். இந்த மருத்துவமனையைத் திறந்த நாள் முதல் நான் ஒருவன்தான் டாக்டர். இப்போது நான் சின்ன டாக்டர் ஆகிவிட்டேன்.

ஆகவே ரீசெட் செய்யத் துணிந்தேன். கேமராவின் அடியில் ஒரு ஊசித் துளை இருக்கிறது. அதற்குள் எதையாவது விட்டு அழுத்திப் பிடித்தால் அது பழசையெல்லாம் மறந்துவிடும் என்று படம் போட்டிருந்தது. வேறு யாருக்காவது ஊசி தேட வேண்டும், எனக்கென்ன, சொத்தைப் பல்லைக் குத்திப் பார்க்கும் கம்பியை எடுத்துக்கொண்டு நாற்காலி மேல் ஏறினேன். வாழ்நாள் முழுக்கத் துளைகளோடு புழங்கியவன் நான். சம்பந்தி, அந்தத் துளைக்குள் விளக்கும் போக மாட்டேன் என்கிறது, கண்ணும் போக மாட்டேன் என்கிறது. பழக்க தோஷத்தில் "கொஞ்சம் பொறுத்துக்கோ, இதோ முடிஞ்சிடும், வலிச்சா கையைத் தூக்கு" என்று கேமராவிடம் சொல்லிக்கொண்டே அழுத்தினேன். காத்திருந்த நோயாளிகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பச்சை சிவப்பானது. பிறகு ஒரு பெண் குரல், "சாதனம் மீட்டமைக்கப்படுகிறது, தயவுசெய்து பொறுமையாக இருக்கவும்" என்றது. நானும் பொறுமையாக இருந்தேன்.

ரீசெட் ஆனதும் உடனே சேர்க்கக் கூடாது, அரை மணி நேரம் அப்படியே விட்டுவிட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று வாடிக்கையாளர் சேவையில் சொல்லியிருந்தார்கள். அதனால் நான்கையும் அழுத்திவிட்டு, உள்ளே போய் ஒரு கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிவிட்டு, கை கழுவிக்கொண்டு வந்து என் போனில் சேர்த்தால், "இந்தச் சாதனம் ஏற்கெனவே வேறு ஒருவருக்குச் சொந்தமானது" என்று வருகிறது. மறுநாளும் அழுத்தினேன். மறுநாளும் அதே. அதற்குப் பிறகு எத்தனை தடவை என்று எண்ணுவதை விட்டுவிட்டேன். ஒவ்வொரு தடவையும் அது எல்லாவற்றையும் மறக்கிறது, தங்களை மட்டும் மறக்க மாட்டேன் என்கிறது.

வாடிக்கையாளர் சேவைக்கு மறுபடி போன் செய்தேன். அங்கே பேசியவர் மகா பொறுமைசாலி. அடியில் இருக்கும் நம்பரைச் சொல்லச் சொன்னார், சொன்னேன். "நீங்க ஓனர் இல்லையே சார்" என்றார். "இது என் வீடுங்க" என்றேன். "வீட்டுக்கு நீங்க ஓனரா இருக்கலாம் சார், கேமராவுக்கு இல்லை. ஓனரைப் பேசச் சொல்லுங்க." ஓனர் என் மகளின் மாமனார், அவரிடம் இதற்கு மேல் நான் அழுத்திக் கேட்க முடியாது என்றேன். அவர் குரலைத் தாழ்த்தி, "எனக்கும் சம்பந்தி இருக்காரு சார், புரியுது. ஆனா அதுக்கு எங்ககிட்ட ஆப்ஷன் இல்லை" என்றார். கேமரா கடைக்காரரை வரவழைத்தேன். அவர் ஏணியில் ஏறி, துடைத்துப் பார்த்து, திருப்பிப் பார்த்து, "நல்ல சாமான் சார். பழைய முதலாளியை விட மாட்டேங்குது பாருங்க, இந்த விசுவாசம் இப்ப வர்ற மாடல்ல கிடையாது" என்று பாராட்டிவிட்டு இறங்கிப் போனார்.

ஒருநாள் பொறுக்க முடியாமல் நான்கு வயரையும் பிடுங்கினேன். அதன் பிறகு நடந்ததற்குத் தாங்கள் பொறுப்பு என்று நான் சொல்ல மாட்டேன். நான் ஒரு நோயாளியின் வாயில் இருந்ததால் தாங்கள் போன் செய்தது கேட்கவில்லை, மனைவி கடைக்குப் போயிருந்தாள். அங்கே ஒரேயடியாகத் திரை கறுத்ததும் எங்களுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று பதறி, கேமரா மாட்ட ஏணியில் நின்றபோது வாங்கி வைத்திருந்த நம்பரில் எங்கள் அடுத்த வீட்டுக்காரரைத் தாங்கள் கூப்பிட்டிருக்கிறீர்கள். அவர் இரும்புக் கம்பியோடு சுவரேறிக் குதித்து, சமையலறை வழியாக நேரே சிகிச்சை அறைக்குள் வந்து, "டாக்டர், உயிரோடதான் இருக்கீங்களா" என்றார். வாயைத் திறந்து படுத்திருந்த நோயாளி கம்பியைப் பார்த்தார். தனக்குத்தான் அடுத்த கருவி வருகிறது என்று நினைத்து வாயை மூடிக்கொண்டார். என் விரல் உள்ளே இருந்தது. காயம் ஆழமில்லை, இந்தக் கடிதத்தில் எழுத்துக் கோணலாக இருந்தால் அதுதான் காரணம். அன்று ராத்திரியே, இனி வயரைப் பிடுங்க மாட்டேன் என்று தாங்கள் என்னிடம் வாக்கு வாங்கிக்கொண்டீர்கள். நானும் கொடுத்தேன்.

இந்த இடத்தில் இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். போன வாரம் கூடத்தில் நான், "இந்தக் கலரைப் பார்த்தாலே பல்லு கூசுது" என்று சொன்னது தங்கள் துணைவியார் பரிசாகத் தந்த திரைச்சீலையைப் பற்றி அல்ல. வேறு ஒரு திரைச்சீலையைப் பற்றி. எங்கள் வீட்டில் வேறு திரைச்சீலை இல்லை என்பது தங்களுக்குத் தெரியும் என்பதால் இதை மேற்கொண்டு விளக்காமல் விடுகிறேன். மறுநாளே வேறு நிறத்தில் ஒன்று வந்து சேர்ந்தது. மிக்க நன்றி. அதைப் பற்றி நான் எந்த அறையிலும் எதுவும் சொல்லவில்லை.

உண்மையைச் சொன்னால் நாங்க புருஷன் பெண்டாட்டியா சண்டை போட்டே எத்தனை நாளாச்சு. முன்னெல்லாம் இவள், "காப்பி அங்க இருக்கு, கண்ணு தெரியலையா" என்பாள். இப்போ கேமராவுக்கு நேரா நின்னு, "ஏங்க, உங்களுக்குக் காப்பி கலக்கட்டுங்களா" என்கிறாள். யாரைக் கேட்கிறாள்னு நான் ரெண்டு தடவை திரும்பிப் பார்த்தேன். எனக்குக் கோபம் வந்தா வாசலுக்குப் போய் திட்டலாம்னா வாசல்லயும் ஒண்ணு இருக்கு. மனசுல இருக்கறதைக் கத்தித் தீர்க்க எனக்கு மிச்சம் இருக்கறது இந்தச் செருப்பு அலமாரி ஒண்ணுதான்.

கடைசியில்தான் அந்தத் தப்பான காரியத்தைச் செய்தேன். பிடுங்க மாட்டேன் என்றுதானே வாக்கு, மூட மாட்டேன் என்று இல்லையே என்று, கூடத்துக் கேமரா மேல் ஒரு துண்டைப் போட்டேன். தாங்கள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சத்தமே வரவில்லை. ஒருநாள் போச்சு, ரெண்டாம் நாளும் போச்சு, எனக்கே வீடு என்னவோ போலிருந்தது. மூன்றாம் நாள் மகள் போன் பண்ணினாள்.

"அப்பா, மாமா முகமே சரியில்லை. 'நான் என்ன திருடனா, என் முகத்துல துணியைப் போட்டுட்டாரே'ன்னு அத்தைகிட்ட சொல்றாரு. சாப்பாடு கூட இறங்கலை அவருக்கு. நீங்க அங்க துணியைப் போட்டுட்டீங்க, நான் இங்க நடுவில நிக்கறேன்."

"உன்னை ஏதாவது சொன்னாங்களாம்மா?"

"ஒண்ணும் சொல்லலை. அதுதான் கஷ்டமா இருக்கு."

சம்பந்தி, வலிக்காமல் பிடுங்குகிறவன் என்று எனக்கு ஒரு பெயர் உண்டு. ஆனால் இதை எந்தப் பக்கம் பிடித்து எப்படி எடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை. தங்கள் வீட்டில் என் மகள் சந்தோஷமாக இருக்கிறாள் என்று அவள் குரலிலேயே தெரிகிறது. தாங்கள் கேமராவில் பார்ப்பது வேவு இல்லை, அக்கறை என்பதும் எனக்குத் தெரியும். அவளுக்கு உங்களால ஒரு சங்கடமும் இல்லை, என்னாலதான் வருதுன்னா அப்புறம் நான் என்ன அப்பன். அதனால கோபமா எதுவும் எழுதலை. கெஞ்சித்தான் எழுதறேன். தயவுசெய்து ஒரே ஒரு தடவை, யாராவது விவரம் தெரிந்தவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தங்கள் போனிலிருந்து அந்த நான்கையும் நிஜமாகவே எடுத்துவிடுங்கள். எடுத்த பிறகு எப்போது வேண்டுமானாலும் நேரில் வாருங்கள், எத்தனை நாள் வேண்டுமானாலும் இருங்கள், என் நோயாளிகளை வரிசையில் நிறுத்துங்கள். நேரில் வந்தால் தாங்கள் எந்தப் பக்கம் பார்க்கிறீர்கள் என்பது எனக்கும் தெரியும், அவ்வளவுதான்.

தங்கள் துணைவியாருக்கு எங்கள் இருவரின் வணக்கங்கள். மாப்பிள்ளைக்கும் மகளுக்கும் எங்கள் ஆசிகள். தங்கள் இல்லத்தில் எல்லோருடைய பற்களும், தாங்கள் எடுக்க மறுக்கும் அந்தப் பல் உட்பட, நீடூழி உறுதியாக இருக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்களைக் காண என்றும் விரும்புகிற, ஆனால் தங்களால் எந்நேரமும் காணப்பட விரும்பாத,
சம்பந்தி

பி.கு.: மேலே எழுதிய எதையும் தாங்கள் பொருட்படுத்த வேண்டாம். நேற்று இதை உறையில் போட்டு, ஸ்டாம்ப் எங்கே என்று மனைவியிடம் கேட்டேன். அவள் உறையைப் பிரித்து நின்றபடியே முழுவதும் படித்தாள். திரைச்சீலை வரும் இடத்தில் சிரித்தாள். மகள் வரும் இடத்தில் உட்கார்ந்துவிட்டாள். அப்புறம், "ரீசெட் எல்லாம் ஒழுங்காத்தான் ஆகுது. நான்தான் மறுபடி சேர்க்கறேன்" என்றாள்.

எப்படி என்றேன். சம்பந்தியம்மா தன் போனில் வருகிற கட்டம் கட்டமான க்யூஆர் படத்தை இவளுக்கு அனுப்புவாராம், இவள் அதைக் கேமராவுக்கு நேரே காட்டுவாளாம், அது அவர் கணக்கில் போய் ஒட்டிக்கொள்ளுமாம். "நீங்க ஒரு பல்லு பிடுங்கற நேரம் போதும். நாலையும் காட்டிடுவேன்" என்றாள். தாங்கள் தங்கள் போனில் அன்றைக்கே எடுத்துவிட்டது முழுக்க முழுக்க உண்மை என்றும், தாங்கள் பார்ப்பதும் பேசுவதும் சம்பந்தியம்மாவின் போனில் என்றும், நான்தான் ஆசைப்பட்டுத் திரும்பத் திரும்பச் சேர்க்கச் சொல்வதாகத் தங்களிடம் சொல்லி வைத்திருக்கிறார்கள் என்றும் அப்போதுதான் தெரிந்தது. ஆசையாகச் சேர்த்துவிட்டு மூஞ்சியில் துண்டைப் போட்டால் யாருக்குத்தான் சாப்பாடு இறங்கும். துண்டை எடுத்துவிட்டேன். மன்னிக்கவும்.

"ஏன் இப்படிப் பண்ணினே?" என்று கேட்டேன். மத்தியானம் தங்கள் வீட்டில் எல்லோரும் படுத்த பிறகு மகள் அத்தையின் போனை வாங்கி வைத்துக்கொண்டு எங்கள் சமையலறையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாளாம். "போன் பண்ணா நல்லா இருக்கேன்னு சொல்லுவா, நீங்க நல்லா இருக்கீங்களான்னு கேட்பா, வெச்சுடுவா. இதுல ஒண்ணும் பேச வேணாம். நான் பாட்டுக்குக் காய் நறுக்குவேன், அவ பாட்டுக்குப் பார்ப்பா. சம்பந்தியம்மாதான் இதைக் கண்டுபிடிச்சுச் சொன்னாங்க. அந்த ஒண்ணை மட்டும் எப்படி வெச்சுக்கறது, சந்தேகம் வரும்னு நாலையும் சேர்த்தோம்" என்றாள்.

கடிதத்தைக் கிழித்துவிடலாம் என்றேன். இவ்வளவு மரியாதையாக நான் யாருக்குமே எழுதியதில்லை, அனுப்பித்தான் ஆக வேண்டும் என்று இவள் பிடிவாதம் பிடிக்கிறாள். அனுப்புகிறேன். கேமராக்கள் இருக்கிறபடியே இருக்கட்டும்.

இன்று மத்தியானம் நோயாளிகள் யாரும் இல்லை. சமையலறைக்குப் போய், ஏதோ எடுக்க வந்தவன் போல அலமாரியைத் திறந்து மூடி, மேடைக்குப் பக்கத்தில் சும்மா நின்றேன். மனைவி நறுக்கிக்கொண்டிருந்தாள். மேலேயிருந்து மகள் குரல் வந்தது.

"அப்பா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. அம்மா தெரியலை."

தள்ளி நின்றேன்.